ஐந்தாம் மாடிக்காரரின் சாட்சி

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து பத்துக்குத்தான், தோழி வீட்டுக்கென்று போன மகள் அங்கே போகவேயில்லை என்று தெரிந்தது. நேரே ஐந்தாம் மாடிக்கு ஏறிக் கிழவரின் கதவைத் தட்டினேன். அவள் வரவில்லை என்றார். நான் நம்பவில்லை. அவரைத் தாண்டிப் போய் அலமாரிக்குப் பின்னாலும் பார்த்தேன்.

அவர் ஜெர்மன் யூதர். பெர்லினில் நாடகங்களும் படங்களும் இயக்கியவராம். நாஜிகள் யூதர்களைத் துரத்தத் தொடங்கியதும் பாரிசுக்கு ஓடிவந்து, வேலை அனுமதி இல்லாததால் இரண்டு படங்களை வேறொருவர் பெயரில் எடுத்தாராம். போர் முடிந்து திரும்பிப் போனால் அங்கே அவர் யாருக்கும் தேவைப்படவில்லையாம். இப்போது, 1980களின் நடுவில், மறுபடி பாரிசில், லா சப்பலில் எங்கள் கட்டடத்திலேயே ஒற்றை அறை. பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு நாடகம் பழக்கினார். அதில் என் பதினாறு வயது மகளுக்குப் பெரிய வேடம்.

இலங்கையிலிருந்து வரும் எங்கள் ஆட்களின் அகதி விண்ணப்பங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பவள் நான். ஒரு கதை எந்த இடத்தில் இடிக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தின கிழமை அவரை அழைத்து, மகளும் இருக்கத் தேநீர் கொடுத்து, அதிகாரிகள் எங்களைக் கேட்பதுபோலவே கேட்டேன். எல்லை கடந்தது எந்த மாதம்? மகளிடம் மார்ச் என்றவர் என்னிடம் மே என்றார். படத்தில் பெயர் இல்லையென்றால் சாட்சி யார்? பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய் என்ற ஊரில் ஒருத்தி இருந்தாள், உயிரோடு இருக்கிறாளோ தெரியாது என்று பெயரைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கதைக்குச் சாட்சி கிடைக்கும்வரை இனி அவர் அறைக்குப் போகக்கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மா, நீங்கள் அவரையும் ஒரு கேஸாக்கிப் போட்டியள்," என்றாள். வழக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொல்பவள், அதைத் தமிழில் சொன்னாள்.

இப்போது அவள் எங்கே? கிழவர் கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு இறங்கினார். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையம் வரை தெருவின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். தேடியதில் பாதி நேரம் அவர் நழுவிவிடுவாரோ என்றுதான் பார்த்தேன். பிறகு என் மேசையில் எதிரெதிரே இருந்தோம். அவர் கோட்டைக் கழற்றாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நடிப்பென்றே நினைத்தேன்.

ஏழரைக்குக் கதவு திறந்தது. மகள். தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயர் இருந்த நாலு வீடுகளை ஆர்ஜொந்தெயில் தட்டியிருக்கிறாள். மகளின் தோளைப் பிடித்தபடி, மூச்சு வாங்க ஒரு பிரெஞ்சுக் கிழவி.

கிழவர் எழுந்து நின்றார். கிழவி அவரைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"அந்த இரண்டு படங்களின் பிலிமையும் வெட்டி ஒட்டியவள் நான். பக்கத்தில் நின்று எங்கே வெட்டுவதென்று சொன்னவர் இவர். எதில் கையெழுத்துப் போட வேண்டும்?"