ஏழாவது சேனலில் லோகேஸ்வரி

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் தரையோடு தரையாகப் படுத்து, சின்ன டார்ச் விளக்கை வாயில் கவ்வியபடி லோகேஸ்வரி ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். பட்டுப் புடவையின் முந்தானை இடுப்பில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினோரு ஆண்டுகளாக அது அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கார் குலுங்கியதில் நகர்ந்திருக்கலாம். எவனாவது தொட்டிருக்கலாம். “யாரையும் நம்ப முடியாதுலா” என்பாள். யாரையும் என்றால், சவுண்ட்காரர்களை.

வயது நாற்பத்தேழு. கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் வீடு. துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கண்டெய்னர் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. சனி, ஞாயிறுகளில் ராஜனின் இசைக்குழுவில் பேஸ் கித்தார், தடித்த கீழ்ச்சுரம் மட்டும் தரும் கித்தார். பத்தொன்பது வயதில், அண்ணனின் குழுவில் பேஸ் வாசித்தவர் கல்யாணம் செய்துகொண்டு ஜொகூருக்குப் போய்விட, ஆளில்லாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்த கித்தாரை எடுத்து மாட்டிக்கொண்டவள். இன்னும் கழற்றவில்லை. அவளுடைய ஆம்ப் மைவி காரின் முன்னிருக்கையில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வரும். கணவர் பின்னால் உட்காருவார். அதைப் பற்றி அவர் புகார் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

சவுண்ட்காரர்கள்மீது அவளுக்குள்ள கோபம் ஒரே நாளில் வந்ததல்ல. ஒருவர் அவள் ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்தார். அந்த மைக்கில் டிரம்ஸ்தான் கேட்டது. இன்னொருவர் பாட்டு நடக்கும்போதே அவளுடைய பிளக்கைப் பிடுங்கிக் கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டார். எல்லாரும், ஒருவர் பாக்கியில்லாமல், முதலில் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, நீங்க பாட்டா?” அப்போது அவள் கழுத்தில் கித்தார் தொங்கிக்கொண்டிருக்கும்.

அவள் கேட்பதோ கொஞ்சம்தான். “ஆம்ப் பின்னால ஓட்டை இருக்கு. அதுல வயர் எடுங்க. பக்கத்துல இருக்கற பொத்தான் வால்யூமுக்கு ‘முன்னாடி’ன்னு இருக்கணும். அப்பதான் நான் மேடையில வால்யூம் திருகினா வெளிய மாறாது. அவ்ளோதான், பாஸ்.” இருபத்தெட்டு வருடமாக இதையே சொல்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் மாடி மண்டபம் ஒன்றில் நாகையா என்பவருக்கு மணிவிழா. பக்கத்திலுள்ள மேருவில் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவருடைய மகள் சந்திரகலா முந்தைய வாரம் ராஜனைக் கூப்பிட்டவள், பேஸ் வாசிப்பது யார் என்று விசாரித்து லோகேஸ்வரிக்கே போன் போட்டாள்.

“அப்பாவுக்கு மெஷின் சத்தத்துல காது போயிடுச்சுக்கா. மேல் சத்தம் எதுவும் கேக்காது. பாடறவங்க வாய் அசையறதுதான் தெரியும். ஆனா பக்கத்து வீட்டுப் பையன் கார்ல டும் டும்னு போட்டா மட்டும், பாட்டு கேக்குதுன்னு வெளிய வந்து நிப்பாரு. கொஞ்சம் நல்லா வாசிங்கக்கா.”

இத்தனை வருடத்தில் ‘பேஸ் நல்லா வாசிங்க’ என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. போனை வைத்த கையோடு கண்டெய்னர் பத்திரங்களை மூடி வைத்தாள். பிறகு கித்தாருக்குப் புதுக் கம்பி வாங்கப் போனாள்.

ஆக, அன்று காலை பொத்தான் சரியாகத்தான் இருந்தது. வயரும் சரி. சவுண்ட்காரர் ரிஷி, முப்பது வயதிருக்கும், மிக்சரை மூலையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கையில் இருந்த டேப்லெட்டிலேயே தடவிக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி பதினைந்து மீட்டர் வயரை இழுத்துக்கொண்டு, வாசித்தபடியே மேடையிலிருந்து இறங்கினாள். இதுவும் அவள் வழக்கம். தண்ணீர்க் குவளை அடுக்குகிறவர்கள் வயரைத் தாண்டிப் போனார்கள். மேடையருகே பேஸ் கேட்டது. அது அவளுடைய ஆம்ப்பிலிருந்து வந்த சத்தம். நாகையா உட்காரப்போகும் நாற்காலியருகே வந்தபோது, பெரிய ஸ்பீக்கரிலிருந்து விரல் கம்பியில் உரசும் சத்தம் மட்டும் ‘டிக், டிக்’ என்று வந்தது.

“பேஸ் இல்ல, பாஸ்.”

ரிஷி ராஜனைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணே, லெவல் ஓக்கேதான். பச்சை லைட் எரியுது பாருங்க.”

“கேட்டது நான். என்னப் பாத்துச் சொல்லுங்க. பச்சை லைட்டையா காதுல கேப்பாங்க?”

ரிஷி சத்தத்தை ஏற்றினார். காலி பிஸ்கட் டின்னைத் தட்டுவதுபோல் கடகடத்தது. “ஹால் ப்ராப்ளம்லாக்கா. சீலிங் கீழ இருக்கு.” அவள் வாயைத் திறப்பதற்குள் நாதஸ்வரம் படியேறி வந்துவிட்டது.

முதல் பாதி முழுவதும் அப்படியே போயிற்று. பாடகி நன்றாகத்தான் பாடினாள். நாகையா மாலையோடு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் அவர் காதருகே குனிந்து கத்தினார்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் சிரித்தார். பாட்டு முடிந்து மற்றவர்கள் கைதட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக. லோகேஸ்வரி அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். எரிச்சலில் கம்பியை ஓங்கி அடித்ததில் விரல்நுனி கன்றிப்போனது. ஓங்கி அடித்து என்ன பயன்? ஸ்பீக்கருக்குப் போய்ச் சேராததை விரலா கொண்டுபோய்க் கொடுக்கும்?

சாப்பாட்டு இடைவேளையில் ரிஷி ஒரு தட்டு பிரியாணியோடு உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“என் வயர் போற ஏழாவது சேனலத் தொறங்க.”

“அக்கா, சாப்பிட்டு வரேன்லா.”

“சாப்பிடுங்க. தொறந்து வெச்சிட்டுச் சாப்பிடுங்க.”

இடது கையால் திறந்தார். திரையில் ஒரு கோடு வலதுபக்கம் நேராக ஓடியது. இடதுபக்கம் வந்ததும் சாக்கடைச் சரிவுபோல் விழுந்தது. அதன் அர்த்தத்தை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தடித்த சத்தமெல்லாம் இடதுபக்கம்தான் இருக்கும்.

“இது என்ன பள்ளம்?”

ரிஷி மெல்லுவதை நிறுத்தினார். “அய்யோ. லோ கட். நேத்து பெட்டாலிங் ஜெயாவுல ஒரு ஃபங்ஷன், இதே ஏழுல நிகழ்ச்சி நடத்தற எம்சியோட மைக். அவரு மூச்சு விடற சத்தம் புஸ்புஸ்னு வருதுன்னு கீழ் சத்தத்த வெட்டி வெச்சேன். அதே செட்டிங்க இன்னிக்கும் லோட் பண்ணிட்டேன் போல. சாரிக்கா.”

“காலையில சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“யாரப் பாத்து பதில் சொன்னீங்க?”

ரிஷி லோ கட் பொத்தானை அணைத்தார். கோடு நிமிர்ந்தது.

இரண்டாம் பாதியின் முதல் பாட்டில் பேஸ் மட்டும் தனியாக நான்கு சுற்று வரும். பிறகுதான் மற்றவர்கள் சேருவார்கள். முதல் சுரம் விழுந்ததும் மேசைமேல் இருந்த குவளைகளில் தண்ணீர் நடுங்கியது. நாகையா ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பாடகியைப் பார்த்தார்; அவள் வாய் மூடியிருந்தது. கீபோர்டைப் பார்த்தார். டிரம்ஸைப் பார்த்தார். மனைவியின் தோளைத் தட்டி, மண்டபம் முழுவதும் கேட்கும் குரலில், “பாட்டு வருது! பாட்டு வருது பாரு!” என்றார். எழுந்து, மாலையும் கையுமாக மேடையடிக்கே வந்துவிட்டார்.

“அது எது? நீயாம்மா?”

வாசித்தபடியே அவள் தலையாட்டினாள்.

“நிறுத்தாதம்மா!”

நாகையா அங்கேயே நின்றார். தாளத்துக்குத் தாடை அசைந்தது. சந்திரகலா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள், அவர் உட்காரவில்லை.

மூன்றாவது பாட்டில், முன்வரிசையிலிருந்த சொந்தக்கார அங்கிள் ஒருவர் காதைப் பொத்திக் காட்டி ரிஷியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ரிஷி டேப்லெட்டோடு மேடையோரம் வந்து குனிந்து கிசுகிசுத்தார்: “அக்கா, பேஸ் ஜாஸ்தியாம். கொஞ்சமா கொறச்சிடவா?”

கேட்கும்போதே அவருடைய விரல் ஏழாவது சேனலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு அப்போது, இடதுகை விரல் எதையும் அழுத்தத் தேவையில்லாத ஒற்றைத் தடிச் சுரத்தில் நின்றிருந்தது. லோகேஸ்வரி வலதுகையால் அந்தக் கம்பியை மீட்டிக்கொண்டே, இடதுகையைக் கித்தாரிலிருந்து எடுத்து நீட்டி, உள்ளங்கையால் டேப்லெட்டின் திரையை முழுசாக மூடிக்கொண்டாள்.