புரட்டாசியில் காணாமல் போகிற மீன்கள்

காலையில எந்திரிச்சு பாத்தா, தொட்டியில ஆரஞ்சு கலர்ல வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீனையும் காணோம். போன வாரந்தான் ஒரு இறால் போச்சு. குடிதண்ணிக்கே வழி பாக்குற திண்டுக்கல்ல, உப்பைக் கரைச்சு வீட்டுக்குள்ள கடல் செஞ்சு வளத்த மீனு. தேடாத இடமில்ல, ஒரு முள்ளுகூடக் கிடைக்கல.

தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் போற பஸ்ல இருந்தே மீன் வித்த கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"தொட்டியில கிடக்குற கல்லுக்குள்ள நண்டு ஒளிஞ்சிருக்கும் சார், அதுதான் தின்னிருக்கும்"னார். போன வாரமும் இதையேதான் சொன்னார். கல்லை வெளிய எடுத்துப் பாத்தாச்சு, நண்டும் இல்ல.

"அண்ணே, இறாலும் போச்சு, மீனும் போச்சு"னு சத்தமாப் புலம்பிட்டேன். முன் சீட்டு அக்கா திரும்பினாங்க.

"ஏப்பா, புரட்டாசி சனிக்கிழமை, கையில துளசி மாலைய வச்சுக்கிட்டு பேசுற பேச்சா இது?"

"திங்கிற மீன் இல்லக்கா, வளக்குற மீன்."

"வளக்குற மீன் எங்க போகும்?"

"அதான் தெரியல."

அக்கா என்னை விட்டுட்டு பக்கத்துல உக்காந்திருந்த என் பொண்டாட்டியப் பாத்தாங்க. "உங்க வீட்டுல யாரோ விரதம் இருக்கலத்தா."

பஸ்ஸே சிரிச்சுச்சு. எனக்குத்தான் சிரிக்கத் தெம்பில்ல.

சாமி கும்பிட்டு வீட்டுக்கு வந்தா, மிச்சமிருந்த இறாலையும் காணோம். இப்படியே போனா புரட்டாசி முடியுறதுக்குள்ள எங்க தொட்டியும் சுத்த சைவமாயிரும்.