சித்தப்பா லோரியின் ஜன்னல் இருக்கை

சின்ன வயதில் எனக்கே எனக்கென்று இருந்த ஒரே சொத்து, சித்தப்பாவின் லோரியில் ஜன்னலோர இருக்கை. அப்பாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். கிள்ளானில் மண்ணும் கல்லும் ஏற்றும் சின்ன லோரி ஓட்டினார். அவர் ஒளிந்து சிகரெட் பிடித்ததும், லோரியைக் கோயில் சுவரில் உரசியதும் எனக்கு மட்டுமே தெரியும். "அம்மாகிட்ட சொல்லிடாத லா" என்பார். கையோடு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கித் தருவார். அது கரைவதற்குள் எனக்கு எல்லாம் மறந்துவிடும். எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளித் தோட்டம் வெள்ளத்தில் பாழாகிப் போனது. அதைச் சீர்செய்யப் பெற்றோர்கள் சனிக்கிழமைகளில் கோத்தோங் ரோயோங் என்று ஒன்றுகூடிக் கூலியில்லாமல் வேலை செய்தார்கள். மண் ஏற்ற லோரி வேண்டுமென்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டதும், கொழுந்தனார் வருவார் என்று அம்மா பதில் போட்டுவிட்டார். முதல் சனிக்கிழமை வகுப்பே பார்க்க, ராணி மாதிரி போய் இறங்கினேன்.

அங்கேதான் என் வகுப்பு டீச்சர் மண்வெட்டியோடு வந்து, "அண்ணே, அந்தப் பாத்தியில கொட்டுங்க" என்றார். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுக்க மூக்கால் அழும் சித்தப்பா, கொட்டிய மண்ணைக் குனிந்து கையாலேயே பரப்பினார்.

அடுத்த வாரம் நாற்று வாங்கப் போனோம். டீச்சரும் வந்தார். "நீ நடுவுல உக்காரு, டீச்சருக்குக் காத்து வேணும்ல" என்றார் சித்தப்பா. கியர் கம்பி முழங்காலில் இடிக்க இடிக்க, வழி நெடுகக் கத்தரிச் செடியைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டு போனேன். குழம்பில் கிடக்கும் கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கிற மனிதர், அதன் வேருக்கு எவ்வளவு தண்ணீர் என்று அக்கறையாக விசாரித்தார்.

மூன்றாம் வாரம் நடு இருக்கையும் போனது. "நீ இங்க வெண்டை விதை போடு செல்லம், நாங்க உரம் எடுத்துட்டு வந்துடுறோம்."

நாங்களாம்! பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்த ஆன்டிகளுக்கு நடுவே நின்று, லோரி வாசலில் திரும்புவதைப் பார்த்தேன். நான் கை வைக்கும் ஜன்னலில் டீச்சர் கை வைத்திருந்தார். வயிறு எரிந்தது. இன்றைக்கும் அந்த எரிச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

வீடு திரும்பும்போது சித்தப்பா, "டீச்சர் லோரில வந்தத அம்மாகிட்ட சொல்லிடாத, என்ன?" என்றார். சரி, இதற்காவது ஐஸ் கச்சாங் உண்டு என்று நினைத்தேன். கடை வந்தது, லோரி நிற்காமல் போனது. இருக்கையும் இல்லை, ஐஸ் கச்சாங்கும் இல்லை. பொறுத்தது போதும் என்று முடிவு செய்தேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் அத்தனையும் கொட்டினேன். "டீச்சர் டப்பாவுல இருந்து இவரு மீகூன் எடுத்துச் சாப்பிடுறாரும்மா. அவங்களும் முன்னாடி அண்ணேன்னாங்க, இப்ப மரியாதையே இல்ல, சும்மா 'இங்க பாருங்க'ன்றாங்க."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டார். சித்தப்பா குளியலறையில் வெகுநேரம் பாட்டு முனகிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே தாம்பாளத்தோடு டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். டீச்சர் சித்தியானார்; இருக்கை நிரந்தரமாக அவருடையதானது. நான் போட்டுக் கொடுத்தது என் தலையிலேயே விழுந்துவிட்டதே என்று பல நாள் குமைந்தேன். அண்ணியிடம் தன் ஆசையைச் சொல்லக் கூச்சப்பட்ட மனிதர், என் வாயை அடைக்கும் வழி தெரிந்தவர், அன்றைக்கு மட்டும் ஏன் அந்தக் கடையில் லோரியை நிறுத்தவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.