சுகமில்லாத அம்மா

டோர்வல் நகரில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையல்கூடத்தில் நான் மேற்பார்வையாளர். இந்தோனேசிய மலைக்கிராமத்தவனான யோசுவா, தாய்க்குச் சுகமில்லையென்று லீவு கேட்டான். அவர் போன வருடமே இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியவந்தது.

“பொய் சொல்லியோ லீவு கேக்கிறாய்?” என்று எல்லோர் முன்னாலும் ஏசினேன்.

அவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். மரவீட்டு அறையில், பதப்படுத்திய தாயின் உடல் போர்வைக்குள் கிடந்தது. பக்கத்தில் அவன் அக்கா சுடச்சுடக் கோப்பி வைத்தாள்.

“அடக்கம் செய்யுமட்டும் எங்கட ஊரில செத்ததெண்டு சொல்லமாட்டம். சுகமில்லையெண்டுதான் சொல்லுவம். பஸ் மலையடிவாரத்தோட நிண்டிடும், பேந்து நடைதான். பிள்ளையள் எல்லாரும் ஏறி வந்தாத்தான் அடக்கம். நான் மட்டும்தான் இன்னும் போகேல்லை.”

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவனுடைய லீவுப் படிவத்தை வாங்கிக்கொண்டு நானே மனேஜரிடம் போனேன். காரணம் கேட்டார்.

“தாய்க்குச் சுகமில்லை” என்றேன். அவர் கையெழுத்து வைக்கும்வரை அவருக்கு முன்னாலிருந்த கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.