கிளிப்பைக் கழற்றிய கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. என் சகலைக்கு நடந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். எங்கே என்ன சத்தம் கேட்டாலும், ஏதோ ஒரு நட்டு லூசாக இருக்கிறது என்று தேடக் கிளம்புகிற ஆள். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். பொய்யும் அவருக்கு ஒத்துவராது. சொன்னால் காது இரண்டும் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் அவர் காதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவே இல்லை.

முதலில் அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் நன்றாக இருந்த காலத்தில் அவர் வாய்க்குத் தெருவே பயப்படும். மருமகள் எதைச் செய்தாலும் ஒரு குறை கண்டுபிடிப்பார். மருமகள் என்றால் என் மனைவியின் தங்கை. என்றைக்காவது ஒரு நாள் நல்லா இருக்கு என்று அத்தை வாயால் சொல்ல மாட்டார்களா என்று எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் புலம்புவாள். அந்த நாள் வருவதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. மாமியாரின் இடது பக்கம் விழுந்தது. பேச்சு நின்றது. இடது கை விரல்கள் உள்ளே மடங்கி, கல்லாக இறுகிப் போயின.

அப்படியே ஏழு வருஷம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஒரே பக்கம் கிடக்க விட்டால் முதுகில் புண் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். அதற்கு இவள் ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் மாமியார் தலையில் இருக்கும் கிளிப்பைக் கழற்றி மேசையில் வைப்பாள். மண்டையில் குத்தும் இல்லையா, அதற்காக. பிறகு கையைத் தூக்கி மார்புக்குக் குறுக்கே வைப்பாள். ஒரு முழங்காலை மடக்கி நிறுத்துவாள். கட்டில் ஓரத்தில் தன் முழங்காலை ஊன்றிக்கொண்டு, விரிப்பைப் பிடித்து இழுத்து, அலுங்காமல் புரட்டுவாள். கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு முட்டுக் கொடுக்க ஒன்று, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. கடைசியில் நெற்றி முடியை ஒதுக்கிவிடுவாள். அந்த இடது கையை விரல் விரலாகப் பிரித்துத் துடைத்து, பவுடர் போட்டு, உள்ளே ஒரு துணிச்சுருள் வைப்பாள். மாமியார் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. மருமகள் ஓர் இரவு முழுதாகத் தூங்கியதும் இல்லை. சகலை இதில் கை வைக்க மாட்டார். தான் தொட்டால் அம்மாவுக்கு வலிக்கும் என்று அவருக்கு ஒரு பயம்.

எங்காவது வெளிநாட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று மல்லுக்கட்டியது சகலையின் தங்கைதான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவளே வந்து தங்கினாள். துணைக்கு ஓர் ஆயாவையும் ஏற்பாடு செய்தாள். "நீங்க ஒண்ணும் சுத்திப் பாக்க வேண்டாம் அண்ணி. போய்த் தூங்கிட்டு வாங்க, அது போதும்" என்றாள். தூங்குவதற்காக விமானம் ஏறின தம்பதி இவர்களாகத்தான் இருக்கும்.

கிளம்புகிற நேரத்தில் இவள் மாமியார் பக்கத்தில் குனிந்து, போய்ட்டு வரேன் அத்தை என்றாள். அந்த அம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விமானத்தில் இவள் கண்ணை மூடவே இல்லை. "என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஏழு வருஷம் பாத்துட்டு இப்ப விட்டுட்டுப் போறேன்னு கோவம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தை மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போய்விடுமோ என்பதுதான் அவள் பயம். பேச முடியாதவரிடம் எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

வழியில் சீட்டில் சாய்ந்து சாய்ந்து அவளுடைய கிளிப் உடைந்துவிட்டது. இறங்கி, விடுதிக்கு எதிரில் இருந்த கடையில் புதிதாக ஒன்று வாங்கினாள். பச்சை நிறம், இலை மாதிரி. உள்பக்கம் அந்த ஊர் எழுத்தில் விலை ஒட்டியிருந்தது. அப்புறம் உரித்துக்கொள்ளலாம் என்று அப்படியே தலையில் மாட்டிக்கொண்டாள்.

விடுதியில் மூன்றாவது மாடி. லிஃப்டில் ஏறும்போதே அதன் கயிறு முனகுவதைச் சகலை கேட்டுவிட்டார். அறையில் ஒரு கட்டில், நான்கு தலையணை, ஒரு சின்ன மேசை, ஒரு ஜன்னல், கதவோரம் ஒரு நாற்காலி. சாயங்கால வெயில் உள்ளே விழுந்திருந்தது. அவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மல்லாக்கப் படுத்துத் தூங்கிப் போனாள். தண்ணீர் பாட்டில் வாங்கிவர இவர் கீழே போனார். கதவைப் பூட்டிக்கொண்டுதான் போனார்.

திரும்பி வந்தபோது அவள் இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. முதுகுக்குப் பின்னால் ஒன்று. கணுக்காலுக்கு அடியில் குளியலறைத் துண்டு, சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பச்சைக் கிளிப் மேசை மேல் இருந்தது.

பழக்க தோஷம், தூக்கத்தில் தனக்குத் தானே செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். சிரிப்புக்கூட வந்தது. ஆனால் அவள் எழுந்து கால்நடுவே இருந்த தலையணையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண் நிறைந்து, சிரித்தாள்.

"நீங்களா வச்சீங்க?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் தன்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டார். காது சிவந்தது. வெட்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குப் போன் போட்டார்கள். அங்கே அப்போது இரவு. "அம்மா நல்லாத்தான் இருக்காங்க அண்ணி. ஆனா சாயந்திரத்துலேர்ந்து ஒரே தூக்கம். எழுப்பினாலும் கண்ணத் தொறக்கல" என்றாள் தங்கை. போனை மாமியார் காதில் வைக்கச் சொல்லி, "அத்தை, கோவமா?" என்று இவள் கேட்டாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் விடிகிற நேரம். சகலைக்கு விழிப்பு வந்தது. அவள் இப்போது வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையணைகளும் அந்தப் பக்கத்துக்கு மாறியிருந்தன. கிளிப் மேசை மேல். அறையில் பவுடர் வாசனை... அம்மாவின் பவுடர். அவர்கள் பவுடர் எதுவும் கொண்டுவரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். இல்லை.

கதவுச் சங்கிலி உள்ளே போட்டது போட்டபடி இருந்தது. ஜன்னல் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். பிறகு தரையில் படுத்து, ஒரு தலையணையைத் தன் முதுகுக்குப் பின்னால் அதே மாதிரி இறுக்கிச் செருகப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை முயன்றார். வரவில்லை. படுத்திருக்கிறவர் தானே அப்படிச் செருகிக்கொள்ள முடியாது. இன்னொருவர் வேண்டும்.

அவளிடம் சொல்லவில்லை. நேற்று ஒப்புக்கொண்டாகிவிட்டதே. பகலெல்லாம் அவளைத் தெருத்தெருவாக நடக்க வைத்தார். அறைக்குத் திரும்பவே அவருக்குப் பிடிக்கவில்லை. அவளோ கால் வலித்தும் பாட்டுப் பாடாத குறையாக வந்தாள்.

அந்த ஊரில் வெயில் காலத்தில் பொழுது லேசில் சாயாது. ஒன்பது மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம். அவள் படுத்தவுடன் தூங்கிவிட்டாள். அவள் தூக்கம் கெடக் கூடாது என்று இரண்டு போனையும் சத்தம் வராமல் வைத்தார். விளக்கைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது பத்துக்கு லிஃப்ட் மேலே வந்தது. கயிறு முனகியது. கதவு திறந்தது... மூடியது. நடையில் யாரும் நடக்கவில்லை.

டிக்.

சின்னச் சத்தம். கிளிப் திறந்துகொண்ட சத்தம். அவள் கூந்தல் தலையணையில் சரிந்தது. கிளிப் மேசைக்கு வரவில்லை. எங்கேயும் காணோம்.

அவளுடைய கை எழுந்தது. மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினால் விரல்கள் தொங்குமே, அப்படி. மார்புக்குக் குறுக்கே போய்ப் படுத்தது.

முழங்கால் மடங்கி நின்றது.

கட்டில் ஓரத்தில் மெத்தை அமுங்கியது. ஒரு முழங்கால் அளவுக்கு...

விரிப்பு விறைத்தது. அவள் மெல்லப் புரண்டாள். அலுங்காமல். மூச்சுகூட மாறவில்லை.

தலையணை நகர்ந்தது.

துண்டு சுருண்டது.

நெற்றி முடி ஒதுங்கியது.

சகலை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்க முடியவில்லை.

சரக்... சரக்...

தரையில் கால் இழுபடும் சத்தம். கட்டிலைச் சுற்றி வந்தது. நாற்காலிக்கு முன்னால் நின்றது.

பவுடர் வாசனை.

"அம்மா" என்றார்.

அவர் மணிக்கட்டில் ஏதோ பட்டது. விரல்கள் இல்லை. மூடிய கை. இறுகிய முட்டி. அது அவர் கையைத் தள்ளியது. தள்ளிக்கொண்டே கட்டில் வரைக்கும் கொண்டுபோனது. எப்படி எழுந்தார் என்று அவருக்குத் தெரியாது. அவர் உள்ளங்கை அவள் முதுகில் பட்டது. முதுகுத் தலையணை மட்டும் இன்னும் வைக்கப்படவில்லை. அதை அவர்தான் வைத்தார். சரியாக வரவில்லை. முட்டி அவர் கையை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தியது. இப்போது சரியாக உட்கார்ந்தது.

பிறகு அங்கே ஒன்றும் இல்லை.

விடியும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பயம் போய்விட்டது என்கிறார். ஆனால் அழுகை நிற்கவில்லையாம். ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே அழுதிருக்கிறார்.

காலையில் அவள் கண் விழித்து, ஜன்னல் வெயிலைப் பார்த்துத் திகைத்தாள். ராத்திரி முழுக்கவா தூங்கினேன் என்று கேட்டாள். எழுந்து கூந்தலை அள்ளிக்கொண்டு கிளிப்பைத் தேடினாள். மேசையில் இல்லை. கட்டிலை நகர்த்தினார்கள், விரிப்பை உதறினார்கள். கிடைக்கவில்லை. போன் வெளிச்சம் அடித்துத் தேடலாம் என்று அவர் போனை எடுத்தார். தங்கையிடமிருந்து பதினோரு அழைப்புகள் வந்து நின்றிருந்தன.

விடிகாலையில் ஆயா புரட்டிப் படுக்க வைக்கப் போயிருக்கிறாள். உடம்பு ஏற்கெனவே சில்லிட்டிருந்தது. நடு ராத்திரி தாண்டி ஒன்றரை, ஒன்றே முக்காலுக்குப் போயிருக்கும் என்றாராம் டாக்டர். இவர்கள் தங்கியிருந்த ஊர்க் கணக்கில் அது ஒன்பது மணிக்கு மேல்.

கிடைத்த விமானத்தைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆயா தயங்கித் தயங்கி இவர்களிடம் வந்தாள். "சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு நாளா அம்மா உடம்பு மட்டுந்தான் இங்க இருந்துச்சு. எவ்ளோ கூப்பிட்டும் முழிக்கல. ஆனா அந்த வெளங்காத கை இருக்கே, அது சும்மாவே இல்லைங்க. துணியப் பிடிச்சு இழுக்கும், ஒதுக்கும், தட்டும். யாரையோ புரட்டிப் போடுற மாதிரி" என்றாள்.

சகலையின் தங்கை உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்துவந்தாள். "இது யாருதுன்னே தெரியல அண்ணி. அன்னிக்கு ராத்திரி ஆயாதான் அந்தக் கையத் தொடச்சுத் துணி வச்சாங்க. காலைல குளிப்பாட்டறப்ப பாத்தா துணி கீழ கெடக்கு. கைக்குள்ள இது இருந்துச்சு. பிரிச்சு எடுக்கவே முடியல."

டம்ளரைக் கவிழ்த்தாள். பச்சைக் கிளிப். இலை மாதிரி.

இவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் அந்த ஊர் எழுத்தில் விலைச் சீட்டு, ஓரம்கூடக் கிழியாமல் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப தலகாணி வச்சது நீங்க இல்லையா?"

"இல்ல" என்றார். காது சிவக்கவில்லை.

வெற்றுக் கட்டிலின் ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். கிளிப்பை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிக்கொண்டாள். "கோவம் இல்ல. அத்தைக்கு எம்மேல கோவம் இல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

அந்தக் கிளிப்பை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். அது இங்கே எப்படி வந்தது என்று சகலை இன்னும் லூசான நட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் இப்போது இரவில் நன்றாகத் தூங்குகிறாள். அவருக்குத்தான் நடுநடுவே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து அவள் முதுகுக்குத் தலையணை வைப்பாராம். சில இரவுகளில் அது முன்பே அங்கே இருக்குமாம், அவர் வைப்பதைவிடச் சரியாக. அன்றைக்கெல்லாம் விளக்கைப் போடாமல் திரும்பப் படுத்துக்கொள்வாராம்.