மூன்று இராகமும் ஒரு ஷார்ப் குறியும்

பத்தாண்டு வீணை பயின்றவன் என்ற செருக்கு எனக்கு உண்டு. அதை மறைத்துப் பழகியவன் அல்லேன். அறுபதுகளின் தொடக்கத்தில், திருமயத்தை அடுத்த எங்கள் ஊருக்குப் பினாங்கிலிருந்து விடுப்பில் வந்த என் அக்காளின் கணவர் முதலில் சீண்டியது அதைத்தான். அங்கே பகலில் அவருக்குத் துணிக்கடை. மாலையில் ஒரு விடுதியின் ஜாஸ் குழுவில் கிட்டார். வரும்போது இரண்டு கிட்டார்கள் கொண்டுவந்திருந்தார்.

வீணையின் மெட்டுகளில் ஓடிய விரல்கள் கிட்டாருக்கு விரைவில் பழகின. இரண்டு வாரம் கழித்து ஐங்கோட்டு இசைத்தாள் ஒன்றை என்முன் விரித்தார்.

“மூணே கார்டு, மாப்ளே. நாலு நாலு சுரத்தைச் சேர்த்து நான் அடிப்பேன். அதுமேல நீ தனியா வாசிக்கணும். முதல் கார்டுக்கு டோரியன், அடுத்ததுக்கு மிக்ஸொலிடியன், கடைசிக்கு அயோனியன். நான் கப்பலேறுறதுக்குள்ள ஒழுங்கா வாசிச்சா ஒரு கிட்டார் ஒனக்கு. இல்லேன்னா ரெண்டும் என்னோட வரும்.”

அம்மூன்று சுரவரிசைகளையும் தனித்தனியே வாசித்துக் காட்டச் சொன்னேன். முதலாவது கரகரப்பிரியா; அடுத்தது அரிகாம்போதி; மூன்றாவது சங்கராபரணம். ஐயத்துக்கு இடமே இல்லை.

“இது எல்லாம் நம்ம வீட்டுச் சரக்கு, அத்தான்.”

அவர் சிரித்தார்.

மறுநாள் பிற்பகல், வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் அமர்ந்தோம். சுருதியின்றி வாசித்தல் எனக்கு ஆகாது. பாடல் வந்து நிலைபெறும் சுரம் மேனாட்டுப் பெயரில் ஜி ஆதலின், அதையே சட்சமமாகக் கொண்டு சுருதிப்பெட்டியை அமைத்தேன். அக்காள் துருத்தியை அசைத்தாள். அத்தான் முதற் சுரக்கூட்டை மீட்டினார். நான் கரகரப்பிரியாவைத் தொடுத்தேன். என் காந்தாரமும் நிடாதமும் அவர் சுரங்களோடு மோதின. அரிகாம்போதியிலும் அதே கதி. சங்கராபரணம் மட்டும் பொருந்தியது.

“ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் வாசிக்கிறீங்களா?” என்றாள் அக்காள்.

“நான் வண்டியில போறேன். ஒன் தம்பி சட்சமத்தை ஆணியடிச்சு வச்சுக்கிட்டு அங்கிட்டே ஒக்காந்திருக்கான்” என்றார் அத்தான். அதற்குமேல் ஒரு சொல் விளக்கவில்லை. அவர் புறப்பட நான்கு நாட்களே எஞ்சியிருந்தன.

நான் தாளை எடுத்துக்கொண்டு தனியே அமர்ந்தேன். வரிதோறும் தொடக்கத்தில் ஒரேயொரு ஷார்ப் குறி. எஃப் எங்கு வரினும் அதைக் கூட்டியே வாசிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. நானோ கரகரப்பிரியாவின் நிடாதமாக எஃபைக் கூட்டாமல் வாசித்திருந்தேன். தாளின் தலையில் எழுதியிருந்ததையே மீறியிருக்கிறேன். கடைசி வரிவரை அக்குறி மாறவில்லை. ஆகவே ஏழு சுரங்களும் மாறவில்லை. மாறாத ஏழு சுரங்களுக்குள் மூன்று இராகங்கள் அடங்குவது எங்ஙனம்?

விடை என் கையிலேயே இருந்தது. சங்கராபரணத்தின் ரிடபத்தை ஆதாரமாகக் கொண்டால் கரகரப்பிரியா; பஞ்சமத்தைக் கொண்டால் அரிகாம்போதி. கிரகபேதம்! எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். சட்சமத்தின் ஒலி நீங்காமல், கணநேர வேடிக்கையாக மட்டும். இங்கோ அதுவே நடை. குறி ஏழு சுரங்களை வரையறுக்கிறது. நிற்கும் இடம் இராகத்தைத் தருகிறது. நிற்கும் சுரம் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கை எடுத்தால் அத்தானின் கூட்டு. ரி, ம, த, ச. பிறகு ப, நி, ரி, ம. பிறகு ச, க, ப, நி. மூன்றையும் கிட்டாரில் தொட்டுப் பார்த்தேன். அவர் மீட்டியவை அவையே.

மறுநாள் அக்காள் சுருதிப்பெட்டியோடு வந்தாள். “இப்ப எதை அமுக்கணும்?”

“ஒன்னையும் அமுக்க வேணாம்க்கா. பெட்டியை மூடிடு.”

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். வாசித்தோம், ஓரிடத்தும் மோதவில்லை. அவர் அவ்வளவில் விடவில்லை. வேறொரு தாளை வைத்தார். அதன் தலையில் சுரத்தைக் குறைக்கும் ஒரு ஃபிளாட் குறி. குறியைக் கண்டதும் எஃப் மேஜர், அதாவது எஃபே சட்சமம் என்றறிந்தேன். ரிடபத்தில் நின்று தொடங்கினேன். கடைசிக் கூட்டை மீட்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

“யாருகிட்டடா கேட்ட?”

“தாளுகிட்ட, அத்தான்.”

மூன்றாம் நாள் திருமயம் பேருந்தின் கூரைமேல் அவருடைய இரண்டு பெட்டிகளும் ஒரு கிட்டாரும் ஏறின. மற்றொன்று என் தோளில் இருந்தது. வழியனுப்ப அதைச் சுமந்துவர வேண்டிய தேவை சிறிதும் இல்லை, சுமந்துவந்தேன்.