தீக்கு முதுகு காட்டி நிற்பவன்

தீயணைக்கப் போகிற கூட்டத்தில் ஒருவன் மட்டும் தீக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எங்கள் குழுவில் அந்த ஒருவன் நான்.

மற்றவர்கள் பச்சைத் தழைக் கொத்தால் தீயை அடிப்பார்கள். மண்வெட்டியால் புல்லைச் செதுக்கி, வெறும் மண் தெரிகிற மாதிரி ஒரு பட்டை போடுவார்கள். நான் மேட்டில் ஒரு பாறையாகப் பார்த்து ஏறிக்கொள்வேன். காற்று எந்தப் பக்கம் போகிறது, புகை எங்கே சாய்கிறது, நாங்கள் வந்த வழி இன்னும் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் என் பொறுப்பு. தீயைப் பார்க்க ஆரம்பித்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் பார்க்கக் கூடாது. காற்று திரும்புகிற மாதிரி தெரிந்தால் எல்லோரையும் வெளியே கூப்பிட வேண்டும்.

சம்பளம் கிடையாது. ஏதாவது ஒரு சங்கத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது போன் வந்து எழுந்து ஓடியிருக்கிற அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாசி பங்குனியில் எங்கள் ஏற்காட்டு மலை இரண்டு வாசனையில் மிதக்கும். ஒன்று காபி பூத்த வாசனை. இன்னொன்று எங்கேயோ புல் எரிகிற வாசனை. அரைத் தூக்கத்தில் இரண்டும் கலந்து ஜன்னல் வழியாக வரும்போது, எது கனவு, எது வேலை என்று எனக்குச் சட்டென்று தெரியாது. நான் கதை கேட்டே வளர்ந்தவன். எங்கள் வீட்டுக் கதைகளில் தீ வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வரும். நிஜத்தில் அது யாரையும் கேட்பதில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைவர் காஜா பாய். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சேர்ந்த அன்றே அவர் என்னிடம் சொல்லிவிட்டார்: "இந்தக் கோடை முடியட்டும் தம்பி. நீ கூப்புட்டா ஆளுங்க திரும்பறாங்களான்னு பாப்போம். திரும்பலைன்னா உன்மேல தப்பில்ல. ஆனா வேற ஆளத்தான் போடணும்."

குரல்

நான் ஒரு ஹோம்ஸ்டேயில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். அங்கே மெதுவாகப் பேசுவது ஒரு தகுதி. இங்கே அதுவே வியாதி. ஒத்திகை அன்று காஜா பாய் என்னைப் பாறைமேல் ஏற்றி, மற்றவர்களைக் கீழே புல்மேட்டில் நிறுத்தி, "கூப்புடு" என்றார். நான் தொண்டை கிழிய, "வெளிய வாங்க!" என்று கத்தினேன். கத்தியதாக எனக்குத்தான் தோன்றியது. கீழே ஒருத்தரும் அசையவில்லை. வெள்ளையண்ணன் மட்டும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு மேலே பார்த்தார். அவர் கொட்டச்சேட்டில் காபியும் மிளகும் வைத்திருக்கிற விவசாயி. எங்கள் குழுவிலேயே வேகமான கை அவருடையது.

பாய் தன் கடையிலிருந்தே ஒரு விசிலை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். கூடவே ஒரு விதியும் போட்டார். நீளமாக ஒரு விசில் வந்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வந்த வழியில் வெளியேற வேண்டும். ஏன் என்று நின்று கேட்கக் கூடாது. வெளியே வந்த பிறகும், "எதுக்கு ஊதுன?" என்று ஊதியவனைக் கேட்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். வெள்ளையண்ணன் என்னிடம் வந்து விசிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதாச்சும் கேக்கும் சாமி. நீ கூப்புட்டது, டீ வேணுமான்னு கேக்கற மாதிரியே இருந்துச்சு. நானும் சக்கர கம்மியாப் போடச் சொல்லலாம்னு இருந்தேன்."

மினுமினுப்புச் சட்டை

எங்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் சேகருடையது. ஓட்டுவதும் அவர்தான். ஒரு நாள் பெண் பார்க்கப் போன இடத்திலிருந்து நேராக வந்துவிட்டார். மயில் கழுத்து நிறத்தில், வெயிலில் தண்ணீர் மாதிரி அலையடிக்கிற சட்டை. புகைக்கு நடுவே அவர் இறங்கி வந்தபோது ஒரு பெரிய தட்டான் பறந்து வருகிற மாதிரி அழகாகத்தான் இருந்தது. காஜா பாய் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பாலியஸ்டர். "பருத்தி எரிஞ்சா சாம்பலாவும். இது உருகித் தோல்ல ஒட்டிக்கும். வண்டியிலயே இருங்க" என்றார்.

சேகருக்கு முகம் வாடிவிட்டது. தீ சின்னதுதான், புல் ஓரமாகத்தான் எரிகிறது, கழற்றிவிட்டு வெறும் மேலோடு வருகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். வெறும் மேலுக்கும் அனுமதி இல்லை. எங்கள் வேலை முடிகிறவரை ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது வண்டியைக் கிளப்பிக்கொண்டே பாயைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க பாய், காலையில பொண்ணூட்டுக்காரங்களே இந்தச் சட்டைய ஒண்ணும் சொல்லலீங்க. உங்க தீயிக்கு மட்டும் புடிக்கலியாக்கும்?"

மஞ்சக்குட்டைப் புகை

இன்னொரு நாள் சாயங்காலம் ஒரு சுற்றுலாப் பயணி போன் செய்தார். மஞ்சக்குட்டைப் பக்கம் மலையே பற்றி எரிகிறது என்று பதறினார். நாங்கள் போய் இறங்கினால் அங்கே தீ இல்லை. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. சாய்கிற வெயில் அதன் வயிற்றுக்குள் புகுந்து ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் புரண்டுகொண்டிருந்தது. தழைக் கொத்தும் மண்வெட்டியுமாக நாங்கள் அதற்குள் நடந்தோம். கொஞ்ச தூரத்தில் பக்கத்தில் வந்த ஆள் மறைந்து, அவர் இருமல் மட்டும் கூடவே வந்தது. ஏதோ நல்ல இடத்துக்குத் தப்பான சாமான்களோடு வந்துவிட்ட மாதிரி எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது.

தவறாகக் கூப்பிட்டவர்களைத் திட்டக் கூடாது என்பது எங்கள் விதிகளில் ஒன்று. திட்டினால் அடுத்த முறை நிஜத் தீயைப் பார்த்தாலும் கூப்பிட மாட்டார்கள். அதனால் காஜா பாய், ரோட்டோரம் காத்து நின்ற அந்த ஆளிடம் போய், கூப்பிட்டதற்கு நன்றி என்று கையைப் பிடித்துச் சொன்னார். அதற்குள் வெயில் இறங்கி, பனி சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பயணி அதையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சூப்பர் சார்! நீங்க வந்து நின்னதுமே அணைஞ்சுபோச்சே!"

மண்ணைத் தடவுகிறவர்கள்

தீ அணைந்த பிறகுதான் எங்களுடைய நீளமான வேலை ஆரம்பம். மேலே சாம்பல் வெள்ளையாக, சாதுவாகக் கிடக்கும். அடியில் ஒரு வேர் கனன்றுகொண்டே இருக்கும். நாங்கள் போன பிறகு அது மெல்ல எழுந்துகொள்ளும். அதனால் எரிந்த இடம் முழுக்க ஊர்ந்துபோய், புறங்கையை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். முதலில் உள்ளங்கையை வைக்கக் கூடாது. உள்ளங்கை வெந்துபோனால் மறுநாள் பிழைப்புப் பார்க்க முடியாது.

குப்பனூர் ரோட்டுக்கு மேலே ஒரு வீட்டுக்குப் பின்னால் அப்படித் தடவிக்கொண்டிருந்தோம். எனக்கு இந்த வேலை பிடிக்கும். சத்தமே இருக்காது. கறுத்த தரையில் நாங்கள் மண்டியிட்டு நகர, எங்கிருந்தோ காபிப்பூ வாசனை வந்து தலைக்கு மேல் நிற்கும். மலை தூங்குகிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த வீட்டம்மா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களையே நெடுநேரம் பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "ஏனுங்க, தீதான் போயிருச்சுங்களே, இன்னும் என்னத்தத் தேடறீங்க? மோதிரம் கீதிரம் உழுந்துருச்சுங்களா?"

வெள்ளையண்ணன் தோட்டம்

எங்கள் விதிகளிலேயே கஷ்டமானது இது. சொந்தத் தோட்டத்தில் தீ வந்தால், சொந்தக்காரர் முன்வரிசையில் நிற்கக் கூடாது. கையில் இருப்பதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பின்னால் தண்ணீர் கேன் தூக்கப் போய்விட வேண்டும். தன் பொருள் எரிவதைப் பார்க்கிறவருக்கு விசில் கேட்டாலும் கால் திரும்பாது. கூட்டத்தில் இதைப் பேசியபோது எல்லோருக்கும் முன்னால் கை தூக்கியவர் வெள்ளையண்ணன். பங்குனியில் ஒரு மத்தியானம் கொட்டச்சேட்டில், கீழ்ச்சரிவுப் புல்லில் பிடித்த தீ ஏறி வந்தது அவர் தோட்டத்துக்குத்தான். பிள்ளை மாதிரி வளர்த்த செடிகள். இந்த வருஷம்தான் முதல் முறையாக நெருக்கிப் பூத்திருந்தன. காஜா பாய் கையை நீட்டினார். வெள்ளையண்ணன் தழைக் கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டார்.

நான் பாறைமேல் நின்றேன். ஒரு பக்கம் சரிவு முழுக்க வெள்ளைப் பூ, இன்னொரு பக்கம் வெள்ளைப் புகை. அடிக்கிறவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று, அதுவரை எங்களைவிட்டு விலகிச் சாய்ந்திருந்த புகை நிமிர்ந்து நேராக நின்றது. என் பக்கத்துப் புல்லின் நுனிகள் ஆட்டத்தை நிறுத்தின. காற்று திரும்புவதற்கு முன்னால் இப்படித்தான் மூச்சுப் பிடிக்கும். தீ திரும்பினால் முன்வரிசை அதன் வாய்க்குள் இருக்கும். வெளியே கூப்பிட்டால் காபி போகும். வெள்ளையண்ணன் கேனோடு நிற்பது தெரிந்தது. நான் ஊதினேன். எல்லோரும் போட்டதைப் போட்டபடி வண்டிப்பாதைக்கு வந்தார்கள். வெள்ளையண்ணன் கடைசியாக வந்தார்.

காற்று திரும்பவில்லை. புகை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பழைய பக்கமே சாய்ந்துகொண்டது. அதற்குள் தீ கீழ் வரிசைகளுக்குள் நுழைந்திருந்தது. பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டபோது வந்த வாசனையை எதனோடும் ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை. பாய் மறுபடி ஆட்களை உள்ளே அனுப்பினார். பாதித் தோட்டத்தில் தீயை நிறுத்தினார்கள். வேலை முடிந்ததும் சேகர், "காத்து திரும்பவே இல்லியேப்பா" என்று ஆரம்பித்தார். பாய் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். வெள்ளையண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. தள்ளிப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். "கீழ்ப் பக்கம் போயிருச்சு புள்ள... ம்... ஆளுங்க எல்லாரும் இருக்கறாங்க. சோறு வெச்சுரு, வந்தர்றேன்."

மறுபடியும்

அடுத்த அழைப்பு வருகிறவரை நான் ஹோம்ஸ்டேயில் சாவி கொடுத்துக்கொண்டும், கனவில் ஊதாத விசில்களை ஊதிக்கொண்டும் இருந்தேன். அந்த விசிலுக்குப் பிறகு, இனிமேல் நான் ஊதினால் யார் திரும்புவார்கள் என்பதுதான் என் தலைக்குள் இருந்தது. திரும்பாமல் ஒருத்தர் நின்று, அன்றைக்குப் பார்த்துக் காற்று நிஜமாகவே திரும்பினால்? பாயிடம் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடைவரை போனேன். ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "வெள்ளையன் திரும்பறாரான்னு பாத்துட்டு முடிவு பண்ணு" என்றார். விசிலைக் கழுத்தில் போட்டபடியே வெளியே வந்தேன்.

மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு புல்மேட்டில் தீ. ஜீப்பில் வெள்ளையண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் முன்வரிசைக்குப் போய்விட்டார். இந்தத் தடவை பள்ளத்திலிருந்து மூடுபனியும் ஏறி வந்தது. புகை எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் மலையே கரைந்துகொண்டிருந்தது. கீழே அடிக்கிறவர்கள் கனவில் துணி துவைக்கிறவர்கள் மாதிரி தெரிந்தார்கள். அப்போது புகை நிமிர்ந்து நின்றது. அதே மாதிரி. ஊதினேன். ஒரு மூச்சு நேரம் யாருமே அசையவில்லை. பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் தழைக் கொத்தைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பியது. வெள்ளையண்ணன். பக்கத்தில் இன்னும் அடித்துக்கொண்டிருந்த சேகரின் பருத்திச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள்.

ரோட்டில் நின்று பார்த்தோம். புகை கொஞ்சம் தள்ளாடியது. பிறகு பழைய பக்கமே சாய்ந்து படுத்துக்கொண்டது. காற்று இந்தத் தடவையும் திரும்பவில்லை. சேகர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். காஜா பாய், "தண்ணி குடிச்சுட்டு உள்ள போலாம்" என்று மட்டும் சொன்னார். வெள்ளையண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். தன் தோட்டம் எரிந்த அன்றைக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் சாமி, இது யாரு எடம்னு பாத்துட்டா ஊதுன?"

"பாக்கலீங்கண்ணா."

"என்னுது எரிஞ்சப்ப?"

"பாத்தனுங்கண்ணா. பாத்துட்டுந்தான் ஊதுனேன்."

கேனைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தார். மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டு துண்டால் துடைத்தார். பாயைப் பார்த்து, "ஆள மாத்தற சோலி எல்லாம் வேண்டாமுங்க பாய்" என்றார். பிறகு தழைக் கொத்தை எடுக்கப் போனவர் நின்று, திரும்பிச் சொன்னார்: "ஆனா ஒண்ணு கண்ணு. ஒரு தடவயாச்சும் அந்தக் காத்து திரும்பித் தொலையட்டும். சேகரு மூஞ்சிய நான் பாக்கணும்."

ஆகவே அன்பர்களே, இந்தக் கோடையில் மலைக்கு நான் செய்த தொண்டு, நடக்காத இரண்டு ஆபத்துகளிலிருந்து எல்லோரையும் பத்திரமாகக் காப்பாற்றியதுதான்.